இன்ஜின் இருக்கிற பக்கம்

"பொண்ணு பாடுமா?"

மாப்பிள்ளையின் அம்மா இப்படிக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. என் குரலைப் பற்றி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். கோயில் பாட்டுக் குழுவில் சேரப் போன என்னை, "தொண்டை கட்டியிருக்கு போல, சரியானதும் வாம்மா" என்று பங்குச் சாமியார் திருப்பி அனுப்பியது நான் பாவாடை சட்டை போட்ட காலத்தில். அந்தத் தொண்டைக் கட்டு இன்றுவரை சரியாகவில்லை.

அப்பா ஒரு கனைப்புக் கனைத்தார். வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "பாட்டு வராதுங்க. ஆனா ஏரோப்ளேன் பண்ணுவா," என்றார்.

"எதுங்க?"

"ஏரோப்ளேனுங்க. ஆகாசத்துல போகுமே, அது."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் மகனைப் பார்த்தார். மகன் தன் காபியைப் பார்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அடக்கத்தினால் அல்ல, சிரித்துவிடுவேனோ என்ற பயத்தினால்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் சாம்பார் வைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு எதுதான் ஒழுங்காக வரும்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. விமானம் வரும், அம்மணி. அதுவும் எந்த லட்சணத்தில் வரும் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

வால் இல்லாத கிளி

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரத்தோடு பெண்ணின் கைவேலையையும் காட்டுவார்கள். மணி கோத்த பை, ஒயர் கூடை, பூ வேலை செய்த தலையணை உறை என்று ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து வரும். சுவரில் கண்ணாடி போட்ட பாசிமணிக் கிளி ஒன்று கட்டாயம் தொங்கும். வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதைவிட அந்தக் கிளியைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். கிளி எடுப்பாக இருந்தால் பெண் பொறுமைசாலி என்று பேச்சு.

நான் கான்வென்ட்டில் படித்தவள். தையல் வகுப்பில் எனக்கும் ஒரு கிளி வந்து சேர்ந்தது. உடம்புக்குப் பச்சை, மூக்குக்குச் சிவப்பு. வால் வைப்பதற்குள் மணி தீர்ந்துவிட்டது. முடித்து நீட்டியபோது தையல் சிஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மிளகாய் நல்லா வந்திருக்கும்மா" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நன்றி வேறு சொன்னேன்.

அடுத்து குரோஷா ஊசியைக் கொடுத்தார்கள். நான் பின்னிய லேஸ் தன்னால் சுருண்டு சுருண்டு உருண்டையாகிவிட்டது. அதை அம்மா பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொண்டாள். தேங்காய் நாரைவிட நன்றாகத் தேய்க்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

எனக்கு வந்த ஒரே வேலை கிறிஸ்துமஸ் ஸ்டார். மூங்கில் சிம்பு சீவிக் கட்டி, மெல்லிய கலர் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் தொங்கவிடுவோமே, அது. எங்கள் வரிசை முழுக்க நான்தான் கட்டிக் கொடுப்பேன். ஆனால் கத்தியை வைத்துக்கொண்டு மூங்கில் சீவுகிற பெண் என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது? அம்மா அதைக் கைவேலையில் சேர்க்கவே இல்லை.

கரையான் வைத்த மிச்சம்

எங்களுக்கு அடுத்த வரிசையில் பார்க்கர் என்று ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர் இருந்தார். மெயில் வண்டி ஓட்டியவர். ரிட்டயர் ஆனதும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்றார்கள். அம்மா பீங்கான் தட்டு பார்க்கப் போனாள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

யாரும் சீந்தாத ஒரு மூலையில் அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. மூடியில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சப் பாதியில் நீல வானமும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகளும் மட்டும் தெரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்க்கர் கவனித்துவிட்டார்.

"அது உலகத்துல மொதல்ல பறந்துச்சே, அந்த ஏரோப்ளேன் மேன். சின்னதா பண்றதுக்கு எல்லாம் உள்ள இருக்கு. உலகச் சண்டைக்கு முன்னாடி வாங்கினது. பொட்டியைத் தொறக்கக்கூட எனக்கு டைம் கெடைக்கலை. நீ எடுத்துக்கோ. பட் முடிக்கணும். பாதியில வுட்றக்கூடாது."

அவர் ஆண் பெண் எல்லோரையும் 'மேன்' என்றுதான் சொல்வார். முடிக்கிறேன் மிஸ்டர் பார்க்கர் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா தட்டோடு வந்தாள். என் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எழுத இந்தப் பக்கம் போதாது.

வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே இருந்த சீமை மரக் குச்சிகள் தொட்டால் ஒடிந்தன. காகிதம் எடுத்தால் பொடியானது. பசை டியூப் கல்லாகியிருந்தது. செய்முறைப் புத்தகத்தில் முதல் தாள் இல்லை. அச்சடித்த வரைபடத்தின் ஓரங்கள் கரையானுக்குப் போய்விட்டன. பக்கவாட்டுப் படம் போச்சு, மேலிருந்து பார்க்கிற படம் மட்டும் தப்பியது. அதில் நடுவே பெரிய இறக்கைகள். ஒரு பக்கம் இரண்டு ப்ரொப்பெல்லர், அதைத் தாண்டி நின்றவாக்கில் இரண்டு பலகை. எதிர்ப்பக்கம் படுத்தவாக்கில் இரண்டு குட்டி இறக்கைகள்.

வேறு யாராவது என்றால் பெட்டியோடு அடுப்பில் போட்டிருப்பார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்த்ததும், 'அட, இது ஸ்டார்தானே!' என்று தோன்றியது. சட்டத்துக்கு மூங்கில் சிம்பு. இறக்கையின் விலா எலும்புகளுக்குத் தென்னை ஈர்க்கு. மேலே ஸ்டார் காகிதம், வெள்ளையில். பூச்சி அரிக்காமலிருக்கத் மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. இழுத்துக் கட்டுகிற கம்பிகளுக்குப் பதில், என்னைக் கைவிட்ட அதே குரோஷா நூல். கடைசியில் அந்த நூலுக்கும் என்னால் ஒரு நல்ல கதி கிடைத்தது.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். காலையில் பொன்மலையிலிருந்து கிளம்பி, பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டிப் போய்வந்து, சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து ஈர்க்கு சீவுவேன். மார்ச் வாக்கில், தவக்காலத்தில் ஆரம்பித்த வேலை, செப்டம்பரில் மாதா பிறந்தநாள் தாண்டியும் இழுத்தது. வீடெல்லாம் துத்தப் பசை வாசனை. தலை சீவும்போது என் பின்னலில் ஈர்க்குத் துண்டு அகப்படும்.

அப்பாவின் தீர்ப்பு

கடைசியில் ஓட்டுகிறவர் மட்டும் பாக்கி. மிச்சமிருந்த செய்முறைத் தாள்களில், அந்த ஆள் கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டினார் என்று போட்டிருந்தது. பொங்கலுக்கு மாட்டுக்குப் போட்ட நெட்டி மாலையில் மிச்சமிருந்த துண்டைச் செதுக்கி ஒரு மனிதனைச் செய்தேன். அப்பாவின் பழைய கோட்டு உள்துணியில் அவருக்கு ஒரு கோட்டும் தைத்தேன். என் வாழ்நாளில் உருப்படியாகத் தைத்த ஒரே துணி அதுதான்.

சரி, படுக்க வைக்க வேண்டும். தலையை எந்தப் பக்கம் வைப்பது?

அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஆயுசு முழுக்க இன்ஜினோடு குடித்தனம் செய்தவர். அவரிடம் கேட்டேன். அவர் அந்தக் கேள்வியே அவமானம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இன்ஜின் எங்கம்மா இருக்கும்? முன்னாடி. பின்னாடி வச்சுத் தள்ளினா அதுக்குப் பேரு ஷண்டிங். ஷண்டிங் பண்ணிக்கிட்டே எவனாவது ஆகாசத்துல போவானா?"

எனக்கும் அது பளிச்சென்று பட்டது. பொன்மலைக்கு மேலே பறந்துபோகிற விமானங்களுக்கெல்லாம் ப்ரொப்பெல்லர் முன்னால்தானே சுற்றுகிறது! அப்படியானால் அந்தக் குட்டி இறக்கைகள்தான் வால். ஓட்டுகிறவரின் தலையை ப்ரொப்பெல்லர் பக்கமாக வைத்து, பசையை அள்ளிப் பூசி, அசைக்க முடியாதபடி ஒட்டினேன். சயின்ஸ் டீச்சரும் ரயில்வே பிட்டரும் சேர்ந்து முடிவு செய்த விஷயம். இதில் தப்பு எங்கே வரப்போகிறது?

ஒரே ஒரு கேள்வி

இப்போது பஜ்ஜித் தட்டுக்குத் திரும்புவோம்.

வந்திருந்த மாப்பிள்ளையின் பெயர் இன்னாசிமுத்து. பெரிய தபாலாபீஸில் கிளார்க். பாலக்கரையில் வீடு. அதற்குமுன் என்னைப் பார்த்துவிட்டுப் போன இடங்களிலெல்லாம், "கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுடணும்" என்றார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. சாம்பார் வராது, பாட்டு வராது, கிளி வராது. வகுப்பில் சாக்பீஸைப் பிடித்தால் மட்டும்தான் நான் மனுஷி. அதையும் விட்டுவிட்டு என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் வேறு மாதிரி சொல்லியனுப்பியிருந்தார். "வேலையை எதுக்கு விடணும்? சீரங்கம் பஸ்ஸு எங்க தெருமுனையிலதான் நிக்குது." இதைக் கேட்ட அன்றே நான் மனசுக்குள் சம்மதம் சொல்லிவிட்டேன். அப்பாவும் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "இதுக்கும் ஏதாவது நொட்டை சொன்னேன்னு வச்சுக்க, இனிமே உனக்கு மாப்பிள்ளை தேடற வேலையை நான் பார்க்க மாட்டேன்."

நான் உள்ளே போய் விமானத்தைப் பலகையோடு தூக்கிவந்து முக்காலியில் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நூலையும் கொசுவலைக்குப் போட்டிருக்கலாம், நல்ல வேலைப்பாடு" என்றார். மனுஷி புகழ்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

இன்னாசிமுத்து எழுந்து வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இறக்கைக்கு அடியில் பார்த்தார். நெட்டி மனிதரின் கோட்டையும் பார்த்தார். இத்தனை அக்கறையாக அதை யாருமே பார்த்ததில்லை.

நிமிர்ந்து, முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"இது எந்தப் பக்கம் பறக்குங்க?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! இத்தனை மாதம் விரலெல்லாம் ஈர்க்கு குத்தி, துத்தப் பசையில் தோலுரிந்து செய்திருக்கிறேன். நாலு நல்ல வார்த்தை வேண்டாம். முன்பக்கம் எது என்றுகூடவா ஒருவருக்குத் தெரியாது?

"இன்ஜின் இருக்கிற பக்கம்தான்!" என்றேன். பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசுகிற குரல் அல்ல அது. கடைசி பெஞ்சில் தூங்குகிறவளை எழுப்புகிற குரல்.

"சரிங்க," என்றார் அவர். போய் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தார்.

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் நான் அறிவித்துவிட்டேன். "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். ஏரோப்ளேனுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியாத ஆளோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

"ஏண்டி, அவரு உன்னைக் கட்டிக்கப் போறாரா, ஏரோப்ளேனைக் கட்டிக்கப் போறாரா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் பெண் பிடித்திருக்கிறது என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். நாங்கள் அதே தரகரிடம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாப்பிள்ளை என்ற வார்த்தையே அதற்குப்பின் அவர் வாயில் வரவில்லை. என்னோடு பேச்சும் குறைந்துவிட்டது. நான் மட்டும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடமாடினேன்.

தலை எங்கே, கால் எங்கே?

பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் கண்காட்சி வந்தது. விமானத்தைக் கொண்டுவாயேன் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் செங்கமலம். பஸ் கூட்டத்தில் அதை எப்படிக் கொண்டுபோவது? கோழி அடைக்கிற பஞ்சாரத்தைப் பலகைமேல் கவிழ்த்து, கயிறு போட்டுக் கட்டினேன்.

"கோழிக்கு லக்கேஜ் போடணும்மா," என்றார் கண்டக்டர்.

"கோழி இல்லீங்க, ஏரோப்ளேன்."

"அப்ப ஏம்மா பஸ்ல வர்றீங்க? அதுலயே போயிருக்கலாமே." பாலம் தாண்டுகிறவரை பஸ்ஸே சிரித்தது.

செங்கமலம் மிஸ் ஸ்ரீரங்கம் கோயிலை ஒட்டிய உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவர். விடியற்காலையில் பெருமாளைச் சேவிக்காமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தது கிடையாது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விமானத்தைப் பார்த்தார்.

"இதென்னடிம்மா, குப்புறன்னா படுத்துண்டிருக்கான்?"

"அப்படித்தான் ஓட்டினாராம் மிஸ்."

"தலை எங்கே, கால் எங்கே?"

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் படுத்திருக்கிற உருவம் எதைக் கண்டாலும் முதலில் இதுதான் தோன்றும். பெருமாள் மேற்கே தலைவைத்துக் கிழக்கே கால் நீட்டியிருப்பதை நித்தியம் பார்க்கிறவர்கள். எங்கள் பொன்மலையில் யாருக்கும் தோன்றாத சந்தேகம், அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டது.

"தலை ப்ரொப்பெல்லர் பக்கம் மிஸ்," என்றேன்.

"அப்படியா? நம்ம பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல வேற மாதிரின்னா இருந்த ஞாபகம்." தன் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து, சிறுவர்களுக்கான தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

போட்டோவில் அதே விமானம். அதே மாதிரி குப்புறப் படுத்த மனிதர். ஆனால் அவர் தலை, குட்டி இறக்கைகள் இருந்த பக்கம். ப்ரொப்பெல்லர் இரண்டும் அவர் காலடிக்கு அப்பால்.

"பின்னாலேர்ந்து தள்றதாம். கீழே போட்டிருக்கான் பாரு," என்றார் மிஸ்.

"ஷண்டிங்," என்றேன் நான்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்த இன்னாசிமுத்து கண்முன் வந்தார். ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது! பார்த்த உடனே கண்டுபிடித்திருக்கிறார். இத்தனை பேர் முன்னால் என்னை அசடாக்க மனமில்லாமல், ஒரு கேள்வியாக நாசூக்காகக் கேட்டிருக்கிறார். அதற்கு நான் கத்தியிருக்கிறேன். அவர் 'சரிங்க' என்று ஆறின காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். எவ்வளவு பெரிய அறிவாளி, எவ்வளவு பெரிய பண்பாளர்! வேலைக்குப் போ என்று சொன்ன ஒரே குடும்பம். போச்சே, எல்லாம் போச்சே என்று செங்கமலம் மிஸ்ஸின் அறையில் நின்று விசும்பி விசும்பி அழுதேன்.

விமானத்துக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் தேற்றினார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"பொம்மையைத் திருப்பி ஒட்டினா ஆச்சு. அந்தப் பிள்ளையாண்டானை என்ன பண்ணப்போறே?"

பிளேடால் நெட்டி மனிதரைப் பெயர்த்து எடுத்தேன். தலையைத் திருப்பி வைத்து, ஆபீஸ் கோந்தைத் தடவி ஒட்டினேன். கண்காட்சி முடிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

பாலக்கரை ஸ்டாப்

சாயங்காலம் பஞ்சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். "பாலக்கரை, பாலக்கரை எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் இறங்கவேண்டிய இடம் அது அல்ல. ஆனாலும் இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான், கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு, கல்யாணமாகாத பெண் ஒருத்தி, கையில் கோழிப் பஞ்சாரத்தோடு போகிறாள் என்ற விவரமே எனக்கு உறைத்தது.

கதவைத் திறந்தது இன்னாசிமுத்துவின் அம்மா. என்னைக் கண்டு வாயைப் பிளந்தார்.

"ஐயய்யோ, பொன்மலைப் பொண்ணுல்ல! தனியாவா வந்தே? வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" பிறகு என் கையைப் பார்த்தார். "இது என்னம்மா, கோழியா?"

"இல்லீங்க. அன்னிக்குப் பார்த்தீங்களே, அந்த ஏரோப்ளேன். உங்க மகன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"உள்ள வா, உள்ள வா. வாசல்ல நிக்காதே. இன்னாசி, டேய், சட்டையைப் போட்டுக்கிட்டு வா!"

அவர் வந்தார். அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பஸ்ஸில் மனப்பாடம் செய்துவைத்ததை நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டது ரொம்பச் சரியான கேள்விங்க. உங்க அறிவு எனக்குப் புரியலை. கோவப்பட்டுப் பேசிட்டேன். தப்பு என் பேர்லதான்."

அவர் விழித்தார். "எந்தக் கேள்விங்க?"

"எந்தப் பக்கம் பறக்கும்னு கேட்டீங்களே!"

"அதுவா..." பிடரியைச் சொறிந்துகொண்டார். "கிளம்பும்போதே அம்மா சொல்லியனுப்பினாங்க, ஊமை மாதிரி உக்காந்திருக்காதடா, பொண்ணுகிட்ட ஏதாச்சும் பேசுன்னு. எனக்கு என்ன பேசறதுன்னு ஒண்ணும் தோணலை. சும்மா கேட்டேங்க."

"அப்ப உங்களுக்கு ஏரோப்ளேன் பத்தி எதுவும் தெரியாதா?"

"சைக்கிள்ல செயின் கழண்டாலே எனக்கு மாட்டத் தெரியாதுங்க."

காவிரிப் பாலத்திலிருந்து பாலக்கரை வரைக்கும் நான் கட்டிவந்த அறிவாளி அந்தக் கூடத்திலேயே பொலபொலவென்று உதிர்ந்தார். இவருக்காகவா ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் அப்படி அழுதேன்? நியாயமாகப் பார்த்தால் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதற்குள் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். பஞ்சாரத்தைத் தூக்கினார்.

ஆபீஸ் கோந்து பஸ் குலுக்கலுக்குத் தாங்கவில்லை. நெட்டி மனிதர் இறக்கையிலிருந்து கழன்று பலகையில் மல்லாந்து கிடந்தார்.

"ஐயோ பாவம்," என்றார் இன்னாசிமுத்து. இரண்டு விரலால் அவரை எடுத்தார். ஊதித் தூசி தட்டினார். கசங்கிய கோட்டை இழுத்துவிட்டார். உள்ளே போய்க் கோந்து பாட்டிலை எடுத்துவந்தார். தபாலாபீஸ்காரர் வீட்டில் கோந்துக்கா பஞ்சம்? அளவாகத் தடவி, நெட்டி மனிதரை இறக்கைமேல் குப்புறப் படுக்கவைத்தார். தலையை ப்ரொப்பெல்லர் பக்கமாக வைத்தார்.

"இப்படித்தானேங்க?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னீங்களே, இன்ஜின் இருக்கிற பக்கம்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் யார் தப்புச் செய்தாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறவள். கண்டக்டர் ஸ்டாப் பெயரை மாற்றிச் சொன்னாலும் திருத்துவேன். பூசை நடுவில் சாமியார் புத்தகத்தின் பக்கத்தை மாற்றிப் புரட்டினாலும் எனக்கு வாய் அரிக்கும். சரியான பதிலை அப்போதுதான் புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நாக்கு நுனியில் நிற்கிறது.

அவரோ நான் கத்தின ஒரு வாக்கியத்தை வேதவாக்காக ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியனுப்பிய பெண் சொன்னது. அதை நம்பி, கோந்து காய்கிறவரைக்கும் அந்த மனிதரின் முதுகை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சரியா என்று என் முகத்தைப் பார்க்கிறார். நாக்கு நுனியில் நின்ற பதிலை விழுங்கிவிட்டேன்.

"ஆமாங்க. இப்படித்தான்," என்றேன்.

அவருடைய அம்மா முறுக்குத் தட்டோடு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாங்க பொண்ணு பார்க்க வந்தோம், வேண்டாம்னுட்டீங்க. இப்போ நீ மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கே. பையனைப் புடிச்சிருக்கா? இங்கயே சொல்லிடும்மா. தரகர்கிட்டச் சொல்லியனுப்பாதே."

"புடிச்சிருக்குங்க," என்றேன். முறுக்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பையன் பாடுவான். கோயில்ல பாட்டுக் குழுவுல இருக்கான். பாடச் சொல்லட்டுமா?"

அவர் மாதா பாட்டு ஒன்று பாடினார். கூச்சத்தில் கழுத்தெல்லாம் சிவக்க, விரலை நெட்டி மனிதரின் முதுகிலிருந்து எடுக்காமலேயே பாடினார். நன்றாகவே பாடினார்.

கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷண்டிங் விஷயத்தை அவரிடமும் நான் சொல்லவில்லை. தன் தீர்ப்பு சரி என்ற நம்பிக்கையோடேயே அவர் ரிட்டயர் ஆனார்.

அந்த விமானம் இன்றும் எங்கள் பீரோவின்மேல் இருக்கிறது. காகிதம் பலமுறை மாற்றியாகிவிட்டது. ஈர்க்குகள் மாறிவிட்டன. நெட்டி மனிதரை மட்டும் நான் தொட்டதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, இது எந்தப் பக்கம் பறக்கும் என்று கேட்டால் இவர் முந்திக்கொள்வார். "இன்ஜின் இருக்கிற பக்கம். எங்க டீச்சரம்மா சொன்னது" என்பார். நான் அவசரமாகக் காபி போட உள்ளே போய்விடுவேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிக்கிறவர் அவர்தான். என் பக்கத்தைப் படித்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏங்க, இதைப் படிச்சிட்டு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு பீரோ மேல ஏறாதீங்க. அதைத் திருப்பாதீங்க. அது சரியாத்தான் இருக்கு.